தேவிகாவின் இருபத்தெட்டு கிலோ

2003ஆம் ஆண்டு மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியபோது தேவிகாவின் எடை நாற்பத்தாறு கிலோ. அவளுடைய கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் பெட்டியின் எடை இருபத்தெட்டு. இரண்டையும் நெல் நிறுக்கும் தராசில் ஏற்றிப் பார்த்துச் சொன்னவன் அவள் கணவன் தமிழ்ச்செல்வன்.

"பொண்டாட்டியில பாதிக்கு மேல இருக்குது பொட்டி. இதுக்குத் தனியா ஒரு ரேஷன் கார்டு எடுத்துடலாம்."

தேவிகா சிரிக்கவில்லை. எடையைத் தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரு காரணம் இருந்தது.

காரைக்காலை அடுத்த பூவம் கிராமத்தில் நெல் விளைவிக்கும் குடும்பம் அவர்களுடையது. தமிழ்ச்செல்வனுக்கு மின்துறையில் வேலை. தேவிகா காரைக்காலில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். கிட்டார் அவள் அண்ணன் ஆசைப்பட்டு வாங்கியது. விரல்நுனி வலிக்கிறது என்று இரண்டே வாரத்தில் அவன் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டான். கல்லூரி முதலாண்டில் அதை வெளியே இழுத்த தேவிகா மறுபடி உள்ளே தள்ளவே இல்லை. இருபத்தாறு வயதில் அவள் கோவிந்தராசுவின் 'முத்துச்சரம்' இன்னிசைக் குழுவில் லீடு கிட்டார். கல்யாணம், திருவிழா என்று அந்த வட்டாரத்தில் மேடையேறும் குழுக்களில் பெண்கள் பாடுவதைத்தான் ஜனங்கள் பார்த்திருந்தார்கள். கம்பி மீட்டுகிற பெண்ணைப் பார்க்கவே முன்வரிசைக்குப் பாய் கொண்டுவந்து போட்டவர்கள் உண்டு.

குழுவில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. அவரவர் சாமானை அவரவர்தான் வேனில் ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும். இரட்டை ஸ்பீக்கர் வைத்த அந்த மரப்பெட்டியை தேவிகாவால் ஒரு பக்கம்தான் தூக்க முடியும். மறுபக்கக் கைப்பிடியை டிரம்ஸ் வாசிக்கும் காத்தமுத்து பிடிப்பார். மூன்று வருடம் அவர் முகம் சுளிக்காமல் பிடித்தார். அந்தப் பங்குனியில் ஒரு கல்யாண மண்டப மாடிப்படியில் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பெட்டியும் அவரும் பாதிப் படியில் நின்றுவிட்டார்கள்.

மறுநாள் ஒத்திகையில் கோவிந்தராசு தேவிகாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒண்ணு சொன்னா கோச்சுக்காத தங்கச்சி. காத்தமுத்து இல்லன்னா கச்சேரி இல்ல. பொட்டிய இனிமே ஏத்த முடியாது."

"பொட்டி இல்லாம நான் எப்புடிண்ணே வாசிக்கிறது?"

"நாகூர்ல ஒரு பையன் இருக்கான். அவன் பொட்டிய அவனே தோள்ல போட்டுக்கிட்டு வந்துடுறான். நீ ரிகர்சலுக்கு மட்டும் வந்துட்டுப் போயேன்."

ஒத்திகைக்கு மட்டும் வரும் கிட்டாருக்கு அடுத்த மாதம் அந்த அழைப்பும் வராது. தேவிகாவுக்கு அது தெரியும்.

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போகாமல் பிரவுசிங் சென்டருக்குப் போனாள். கிட்டார் பிராசஸர் என்று ஒரு சாதனம் வந்திருப்பதைக் கேள்விப்பட்டிருந்தாள். அளவு ஒரு சாப்பாட்டுத் தட்டு. பத்து இருபது விதமான ஆம்ப்புகளின் குரலைத் தனக்குள் வைத்துக்கொண்டு, சத்தத்தை நேராக சவுண்ட் சர்வீஸ்காரரின் மிக்சருக்கு அனுப்பிவிடும்; ஆம்ப் பெட்டியே வேண்டாம். அதைப் பற்றி உலகம் முழுக்கக் கிட்டார்காரர்கள் இன்டர்நெட்டில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். டிஜிட்டல் சத்தம் பிளாஸ்டிக் பூ மாதிரி என்றது ஒரு கட்சி. வித்தியாசமே தெரியாது என்றது மறு கட்சி. ஆறு மாதத்தில் சலித்துப்போய் ஆம்ப்புக்கே திரும்பி வருவீர்கள் என்று ஒருவர் சாபம் கொடுத்திருந்தார். ஒரு மணி நேரம் முழுதும் படித்தாள். பெட்டியை யார் தூக்குவது என்ற பேச்சு ஒரு வரியில்கூட இல்லை.

தமிழ்ச்செல்வனின் சித்தப்பா மகன் பாரிசிலிருந்து விடுமுறைக்கு வரவிருந்தான். அவனிடம் சொல்லிவைத்தாள். சென்ட் பாட்டில்களுக்கும் சாக்லேட்டுக்கும் நடுவில் பிராசஸர் வந்து சேர்ந்தது. கூடவே எழுபது பக்க விளக்கப் புத்தகம், முழுவதும் பிரெஞ்சில். தேவிகா அதை அலமாரியில் வைத்துவிட்டுக் குமிழ்களைத் திருப்ப ஆரம்பித்தாள். வேலை முடிந்து வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு சத்தம். மணி மாதிரி ஒன்று, தேன் மாதிரி ஒன்று, சுள்ளென்று ஒன்று.

"எனக்கு ஒண்ணுமே கேக்கலையே," என்றான் தமிழ்ச்செல்வன்.

"மேடையில கேப்பீங்க. ஆடிப்போயிடுவீங்க."

தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறிவிடும். ஆண்கள் ஊரில் இருப்பார்கள், கடலோரம் முழுக்கத் திருவிழா நடக்கும். கருக்களாச்சேரியில் கச்சேரி. தேவிகா ஸ்கூட்டியில் வந்து இறங்கி, பையிலிருந்து பிராசஸரை எடுத்துக் காலடியில் வைத்தாள். மூன்றாவது பாட்டில் அவளுடைய முதல் தனி வாசிப்பு. வீட்டில் தேனாக இருந்த சத்தம் பனைமரத்தில் கட்டிய ஹாரன் ஒலிபெருக்கி வழியாக வந்தபோது, தகர டப்பாவுக்குள் வண்டை அடைத்துக் குலுக்கினது மாதிரி இருந்தது.

கூட்டத்தில் ஒரு பெண் குரல் எழுந்தது. "ஏங்கண்ணு, கிட்டாருக்குள்ள வண்டு பூந்துடுச்சா?"

"வண்டு இல்லக்கா, கரெண்டு ஒழுவுது. புருசன் மின்துறைதானே, வந்து அடைக்கச் சொல்லு!"

சிரிப்பு அலையலையாகப் பின்வரிசை வரை போனது. தமிழ்ச்செல்வன் வேப்பமரத்து நிழலுக்குள் ஒதுங்கினான். கோவிந்தராசு பாடிக்கொண்டே சவுண்ட் சர்வீஸ்காரர் பக்கம் திரும்பி உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டினார். அதன்பிறகு கச்சேரி முடியும்வரை தேவிகா வாசித்தாள், யாருக்கும் கேட்கவில்லை.

இறங்கும்போது கோவிந்தராசு சொன்னார். "அடுத்தாப்புல கோட்டுச்சேரிமேடு. ரெண்டு வாரம் இருக்கு. அதையும் பாத்துடுவோம். அதுக்கு மேல என்னைய கேக்காத தங்கச்சி."

இங்கேதான் தேவிகா மற்றவர்களிடமிருந்து வேறுபடுகிறாள். அவள் அழவில்லை, பிராசஸரைத் திட்டவும் இல்லை. மறுநாள் காலை சவுண்ட் சர்வீஸ்காரரான சேக் அலாவுதீனின் கடைக்குப் போனாள். மாதா கோயில் தெருவுக்குப் பின்சந்தில் ஒரு நீளமான கொட்டகை, உள்ளே ஆளுயர ஸ்பீக்கர்கள்.

"பாய், நேத்து என் சத்தத்த எதுல கேட்டீங்க?"

"எதுல கேக்குறது? என் பொட்டியிலதான்."

"நான் ஹெட்போன்ல கேட்டேன்."

அலாவுதீன் தலையில் கை வைத்துக்கொண்டார். "காதுக்குள்ள வச்சு கேட்டா எல்லாமே கச்சேரிதாம்மா. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வா. ரெண்டு பொட்டிய வெளில எடுத்து வைக்கிறேன். தெருக்காரங்க சண்டைக்கு வந்தா நீதான் பதில் சொல்லணும்."

ஞாயிற்றுக்கிழமை புதிதாக ஒரு சிக்கல். தூரத்தில் நின்று கேட்டால்தான் கூட்டத்துக்குக் கேட்பது கேட்கும். ஆனால் வாசிப்பவளே அவள்தான். ஆகவே தமிழ்ச்செல்வனின் கழுத்தில் கிட்டாரை மாட்டிவிட்டாள். அவனுக்கு ஒரு சுரமும் தெரியாது.

"மூணாவது கம்பிய மட்டும் தட்டுங்க. நான் கைய காட்டுற வரைக்கும் தட்டுங்க."

"இப்புடியா?"

டொய்ங்.

தேவிகா தெருமுனைக்கு ஓடினாள். கேட்டாள். திரும்பி ஓடிவந்து ஒரு குமிழைக் கொஞ்சம் குறைத்தாள். மறுபடி தெருமுனை. தமிழ்ச்செல்வன் விடாமல் தட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய அலுவலகத்துக்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தினார்.

"சார், எப்பத்திலேர்ந்து?"

"காலைலேர்ந்து சார்."

"சம்சாரம் எங்க?"

"அந்தா, தெருமுனையில நின்னு என்னைய அடக்கிட்டிருக்கு."

மதியத்துக்குள் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. காதுக்குள் இனித்த அத்தனை சுள்ளும் ஹாரனில் ரீங்காரமாகிறது. வீட்டில் மந்தமாகத் தோன்றுவதுதான் வெளியில் கிட்டார் மாதிரி கேட்கிறது. தேன், மணி, சுள் எல்லாவற்றையும் அழித்தாள். ஐந்தே ஐந்து சத்தங்களை வைத்துக்கொண்டாள். பின்னாளில் பிரெஞ்சு தெரிந்த ஒருவர் அந்த விளக்கப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, ஹெட்போனுக்கும் மேடைக்கும் சத்தத்தைத் தனித்தனியாக அமைக்க வேண்டும் என்று பதினெட்டாம் பக்கத்திலேயே போட்டிருப்பதாகச் சொன்னார். தெருமுனைக்கு ஓடியது வீண் என்று தேவிகா ஒருநாளும் நினைத்ததில்லை.

கோட்டுச்சேரிமேட்டில் கடற்காற்று பலமாக இருந்தது. மூன்றாவது பாட்டு வந்தது, அவள் முறை வந்தது. வாசித்தாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. யாரும் சிரிக்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வலை உலர்த்தும் மேட்டில் இரண்டு சிறுமிகள் ஆடிக்கொண்டே இருந்தார்கள். கோவிந்தராசு அடுத்த சரணத்தை எடுக்கும்போது கையைத் தாழ்த்தவில்லை. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

கச்சேரி முடிந்ததும் காத்தமுத்து பழக்கதோஷத்தில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவள் பக்கம் வந்தார்.

"எங்க தங்கச்சி பொட்டி?"

தேவிகா தோளில் தொங்கிய பையைத் தட்டிக் காட்டினாள். அவர் அந்தப் பையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். "அட," என்றார். பிறகு தன் டிரம்ஸைப் பிரிக்கப் போனார். நாகூர்ப் பையனைப் பற்றி அதன்பிறகு குழுவில் பேச்சு எழவில்லை.

ஆறு மாதத்தில் சலிக்கும் என்ற சாபம் பலிக்கவில்லை. வருடங்கள் ஓடின. சுனாமி வந்த பிறகு வெகுநாள் கடலோரத்தில் மேடை போடவில்லை. மறுபடி போட்டபோது அவள் முதல் ஆளாக வந்து வயரை மாட்டினாள். பிராசஸரிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. கரண்ட் ஒரு நொடி தடுமாறினால் போதும், மயங்கி விழுந்து எழுந்து, சேமித்த சத்தங்களில் முதல் எண்ணில் போய் நிற்கும். ஒருமுறை சோகப்பாட்டின் நடுவில் அது குத்துப்பாட்டுச் சத்தத்துடன் கண் விழித்தது. அன்றிலிருந்து எந்தப் பாட்டுக்கும் ஒத்துப்போகிற ஒரு சாதுவான சத்தத்தை முதல் எண்ணில் வைத்தாள். ஜெனரேட்டர் தும்மினாலும் கேட்பவர்களுக்குத் தெரியாது. சாதனத்தின் குறை அவளுக்கு எரிச்சல் தந்ததாக யாரும் பார்த்ததில்லை. குறையைத் தெரிந்துகொண்டதும் அதற்கு ஒரு வழி செய்துவிட்டு வேலையைப் பார்ப்பாள். மரப்பெட்டியோ பூவம் வீட்டில் டி.வி.க்கு ஸ்டாண்டாக உட்கார்ந்துவிட்டது.

2009 மாசியில் கோவிந்தராசு புதிய வேன் வாங்கினார். பழையதைவிட ஒன்றரை மடங்கு நீளம்.

"பொட்டிய எடுத்துட்டு வா தங்கச்சி. இப்ப எடம் இருக்கு. காத்தமுத்துக்கும் இடுப்பு தேவல."

"இப்ப எதுக்குண்ணே அது?"

"நாகப்பட்டினத்து குழுக்காரன் மேடையில பொட்டி எப்புடி நிக்குது தெரியுமா? ஒரு கெத்து! நம்ம மேடையப் பாத்தா பள்ளிக்கூட ஆண்டு விழா மாதிரி இருக்கு."

அவள் வீட்டுக்கு வந்தாள். டி.வி.யை இறக்கி வைத்தாள். பெட்டியின் முகத்திலிருந்த தூசியைத் துடைத்துக் கிட்டாரைச் சொருகினாள். கம்பிகளைச் சேர்த்து ஒரே ஒரு முறை மீட்டினாள்.

சத்தம் காதுக்கு வருமுன்பே முட்டிக்காலைத் தொட்டது. விரலை மெல்ல வைத்தால் முனகியது, அழுத்தினால் உறுமியது. ஆறு வருடமாக, வாசிப்பவர்கள் கேட்க மேடைத் தரையில் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரில் தன்னைத் தேடித் தேடிக் கேட்டவள், இப்போது சத்தத்துக்குள்ளேயே நின்றாள். ஒரு பாட்டு முழுவதும் வாசித்தாள். இன்னொரு பாட்டும்.

தமிழ்ச்செல்வன் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "இது நல்லாருக்குல்ல?"

"ரொம்ப நல்லாருக்குங்க. பையில இருக்குறது இதுக்குக் கிட்டக்கூட வரல." குமிழைத் திருப்பிச் சத்தத்தைக் குறைத்தாள். "ரெண்டும் ஒண்ணுதான்னு எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டிருந்தேன். ஒண்ணு இல்ல."

"அப்ப எடுத்துட்டுப் போவோம். காத்தமுத்து எதுக்கு? நானே கூட வந்து தூக்குறேன். சனி, ஞாயிறு நமக்கென்ன வேலை?"

அவன் மனதாரத்தான் சொன்னான். தேவிகா கிட்டாரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க வர மாட்டீங்கன்னு இல்லங்க. நீங்க வர்ற அன்னைக்குத்தான் நான் வாசிக்கலாம்னு ஆயிடும். ஒரு நாளு உங்களுக்கு டூட்டி இருக்கும். ஒரு நாளு உங்களுக்கு இடுப்பு பிடிச்சுக்கும். அப்ப மறுபடியும் நாகூர்ப் பையன் வருவான்."

"அந்தப் பையனுக்கு இப்ப ரெண்டு புள்ளைங்க."

"வேற ஒரு பையன் வருவான்."

தமிழ்ச்செல்வன் டி.வி.யைத் தூக்கிப் பெட்டியின் மேல் வைக்கப் போனான். தேவிகா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"டி.வி.க்கு வேற ஸ்டாண்ட் பாருங்க."

அடுத்த ஒத்திகையில் அவள் கோவிந்தராசுவிடம் எல்லோர் முன்னிலையிலும் சொன்னாள். "பொட்டி மேடையில நிக்கட்டும்ணே. ஆனா நான் அதுல வயர் சொருவ மாட்டேன். என் சத்தம் எப்பவும்போல என் பையிலேர்ந்துதான் வரும்."

"அப்புறம் பொட்டி எதுக்கு?"

"நீங்க கேட்டது கெத்துதானேண்ணே? அது உங்களோட சாமான். அவங்கவங்க சாமான அவங்கவங்கதானே தூக்கணும்?"

காத்தமுத்து குச்சியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். கோவிந்தராசு ஒரு நிமிடம் எல்லோர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு, "பொட்டி எத்தன கிலோ?" என்றார்.

"இருபத்தெட்டு."

இந்தத் தடைக்காலத்தின் முதல் கச்சேரி கோட்டுச்சேரிமேட்டில். பெட்டி புதிய வேனில் வரும். ஒரு கைப்பிடி காத்தமுத்துவுக்கு, மறு கைப்பிடி கோவிந்தராசுவுக்கு. தேவிகா ஐந்து மணிக்குப் பூவத்திலிருந்து ஸ்கூட்டியில் கிளம்புகிறாள்.