தறிச் சுவரில் வைத்த புரொஜெக்டர்

கழுத்தில் அடிபட்டு அசைய முடியாமல் படுத்திருக்கும் என் கணவருக்காக, மலிவாக ஒரு புரொஜெக்டர் வாங்கினேன். எங்கள் விசைத்தறியில் நெய்த வேட்டியையே எதிர்ச்சுவரில் திரையாகக் கட்டினேன். ஸ்டாண்டுக்குப் பதில், அவர் தலைமாட்டுச் சுவரிலிருந்த பலகையில் புரொஜெக்டரை வைத்தேன்.

"படம் ஆடுதுங்களா?" என்றேன்.

"ஆடுனா ஆடிட்டுப் போவுது, உடு புள்ள" என்று சிரித்தார். அடிபட்ட பிறகு அன்றுதான் சிரித்தார்.

சுவருக்கு அந்தப்பக்கம் தறிக்கூடம். பகலெல்லாம் தறி அதிரும் வீட்டிலேயே வாழ்ந்ததால் அந்த அதிர்வு எனக்கு உறைக்கவில்லை. நான் அடுப்படியில் இருந்தபோது, அதுவே புரொஜெக்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக் கீழே தள்ளிவிட்டது. அவர் காதை உரசிக்கொண்டு விழுந்து நொறுங்கியது.

இப்போது அந்தப் பலகையில் ஒரு டம்ளர்கூட வைப்பதில்லை. இன்னொன்று வாங்க வழியில்லை. திரையைக் கழற்றப் போனேன். "இருக்கட்டும் புள்ள" என்றார். அந்த வெறும் துணியைத்தான் நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.