கூறைச் சீலையும் ஆறு படங்களும்

விமானம் ஏறிவிட்ட உடுப்பைக் கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டான். ஏறுமுன் அதைப் படத்தில் பார்த்துக் குறை சொல்வதுதான் என் வேலை.

இணையத்தில் சாறி வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு இந்த வேலையின் அருமை தெரியும். கனடாவிலும் சுவிசிலும் இலண்டனிலும் இருக்கிற எங்கள் சனம் இந்தியக் கடைகளில் உடுப்பு வாங்குகிறது. பல கடைகள் நேரே வெளிநாட்டுக்கு அனுப்பா. ஆகவே எல்லாம் முதலில் சென்னையில் ஒரு களஞ்சியத்துக்கு வரும். அங்கே தேவி என்ற பெண் பொதியைப் பிரித்து, ஒவ்வோர் உடுப்பையும் ஆறு படம் எடுத்து அனுப்புவாள். அந்தப் படங்களைப் புங்குடுதீவில் என் வீட்டு முன்னறையில் இருந்து நான் பெரிதாக்கிப் பார்ப்பேன். நான் ‘சரி’ என்று போட்டால் பொதி விமானம் ஏறும். ‘நிறுத்து’ என்று போட்டால் கடைக்குத் திரும்பும். பதினேழு வருடம் ஊரில் சட்டை தைத்த கண் என்பதால் எனக்கு இந்த வேலை கிடைத்தது. அந்தக் கண்ணைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கொழுப்பும் இருந்தது.

இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு தாய் கண்ணை மூடுமுன் பார்க்க ஆசைப்பட்ட சீலையை இந்தக் கண்தான் ஐந்து நாள் பிடித்து வைத்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் என் வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் அது உங்களுக்கு விளங்கும்.

கறுப்பா, கடும் நீலமா

படத்தில் பார்க்கிற எவருக்கும் முதல் எதிரி நிறம். களஞ்சியத்து மின்குமிழின் கீழே மஞ்சள் பச்சையாகும், பச்சை சாம்பலாகும். சுவிசில் இருக்கிற ஓர் அண்ணை, கோயில் திருவிழாவுக்கு மனைவிக்கென்று கடும் நீலத்தில் ஒரு சாறி வாங்கியிருந்தார். தேவியின் ஆறு படத்திலும் அது கறுப்பாகவே தெரிந்தது. திருவிழாவுக்குக் கறுப்பு உடுத்தினால் அந்தப் பெண்ணை மற்றவர்கள் பார்வையாலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நான் விடவில்லை. சாறியை யன்னலோரம் கொண்டுபோய், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துத் திரும்ப எடுக்கச் சொன்னேன். வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தால்தான் மற்ற நிறத்தை நம்பலாம். மூன்று தரம் எடுத்த பிறகு நீலம் தெரிந்தது. ‘சரி’ போட்டேன்.

இரண்டு கிழமை கழித்து அந்த அண்ணை அழைத்தார். குரலில் சந்தோசமும் இல்லை, கோபமும் இல்லை. “தங்கச்சி, நீர் சொன்னது சரி, அது நீலம்தான். ஆனா மனிசி கறுப்பெண்டு சொல்லிப்போட்டா, இனி அது கறுப்புத்தான்.”

தேவியின் கை

துணி மெதுவா, முரடா என்று படம் சொல்லாது. அதற்கும் ஒரு வழி வைத்திருந்தேன். துணியைக் கையில் கசக்கிப் பிடித்து, விட்டவுடன் ஒரு படம் எடுக்கச் சொல்வேன். சுருக்கம் எப்படி விழுகிறது என்று பார்த்தே பருத்தியா, கலப்பா என்று சொல்லிவிடுவேன். ஒருநாள் ஒரு குழந்தைச் சட்டைக்கு இப்படி ஒன்பது படம் கேட்டேன். தேவிக்கு முன்னால் அன்றைக்குப் பிரிக்க வேண்டிய பொதிகள் கூரை முட்டக் கிடந்திருக்கின்றன. பாவம், அது எனக்குத் தெரியாது. பத்தாவது படம் கேட்டபோது அவள் குரல் பதிவு அனுப்பினாள்: “அக்கா, நீங்க கண்ணால பாக்குறீங்க. நான் கையில வச்சிருக்கேன். என்னையும் ஒரு வார்த்தை கேளுங்களேன்.”

கூறை யாருக்கு என்று கேட்கக் கூடாது

கூறைச் சீலை என்பது எங்கள் பக்கத்தில் தாலி கட்டும்போது பெண்ணுக்குக் கொடுக்கும் சேலை. கட்டம் போட்ட அரக்குச் சிவப்பு, தங்கக் கரை. கூறை வந்தால் நான் இரண்டு மடங்கு கவனமாகப் பார்ப்பேன். ஆனால் யாருக்கு, என்றைக்கு என்று கேட்க மாட்டேன். எங்கள் சனம் கலியாணப் பேச்சை முற்றாகும் வரை வெளியில் விடாது. வெளியில் தெரிந்தால் யாராவது கல்லைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்ற பயம். நான் இருப்பதோ புங்குடுதீவில். கூறை வாங்குகிறவர்களில் பாதிப் பேர் இந்த ஊர்க்காரர். அவர்களில் சிலரின் வீடு இரண்டு வீதி தள்ளிப் பூட்டிக் கிடக்கிறது. ஒருமுறை இலண்டன் அக்கா ஒருவரிடம் தெரியாத்தனமாக, “மகளுக்கோ?” என்று கேட்டுவிட்டேன். தொலைபேசியில் ஒரு பெருமூச்சுக் கேட்டது. “உமக்கு ஏன் பிள்ளை அந்தக் கதை? நீர் சீலையைப் பாரும்.”

அறுந்த இரண்டு இழை

சென்ற வருடம் கனடாவில் இருக்கிற சுகந்தி என்ற பெண் வாங்கிய கூறை வந்தது. குறிப்பில் ‘அவசரம்’ என்று இருந்தது. எல்லோரும்தான் அவசரம் என்று போடுகிறார்கள், பிறந்தநாள் தொப்பிக்கும் போடுகிறார்கள். நான் வழக்கம்போல் படத்தைப் பெரிதாக்கினேன். ஐந்தாவது படத்தில், உள்தலைப்பில், அரிசி நீளத்துக்கு இரண்டு இழை அறுந்திருந்தது. உள்தலைப்பு என்றால் இடுப்பில் செருகுகிற பக்கம். உடுத்தினால் ஒருவர் கண்ணுக்கும் படாது. தேவியும் அதைத்தான் சொன்னாள். “கட்டினா உள்ள போயிடும் அக்கா, விட்டுடலாம்.” நான் விட்டுவிடுகிற ஆளா? தாலி ஏறுகிற சீலையில் அறுந்த இழையோ என்று அவளுக்கு வகுப்பு எடுத்துவிட்டு ‘நிறுத்து’ போட்டேன். சுகந்திக்கும் பெருமையாக எழுதினேன்: மணப்பெண்ணுக்குக் குறையுள்ள கூறை போகக் கூடாது, கடைக்காரர் ஐந்து நாளில் புதிதாகத் தருவார்கள், பதற வேண்டாம். கடைசியில் கலியாண வாழ்த்து வேறு. அந்தச் செய்தியை அவள் மூன்று நாளாகத் திறக்கவில்லை. அது எனக்கு உறைக்கவும் இல்லை.

நான்காம் நாள் அவள் அழைத்தாள். சத்தம் போடவில்லை. ஆஸ்பத்திரியில் தாயின் பக்கத்தில் இருந்தபடி மெதுவாகப் பேசினாள். தாய்க்கு இனி மருந்து இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். இடம்பெயர்ந்தபோது அவவின் கூறை புங்குடுதீவு வீட்டு அலுமாரியில் விடுபட்டுப் போனது. திரும்பி வந்து பார்த்தபோது அலுமாரியே இல்லை. தகப்பன் உயிரோடு இருக்கிறார். புருசன் இருக்கக் கண்ணை மூடுகிற பெண்ணைக் கூறை உடுத்தித்தான் அனுப்புவோம். இது இங்கே எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் கூறை என்றதும் எனக்கு மேளச் சத்தம்தான் கேட்டது. கேட்கக் கூடாது என்ற வழக்கத்துக்குப் பின்னால் நானும் வசதியாக ஒளிந்துகொண்டேன். சுகந்தி கடைசியாகச் சொன்னதை ஓர் எழுத்து மாறாமல் எழுதுகிறேன்: “கலியாணம் இல்லை அக்கா, இது அம்மாக்கு. கண்ணை மூட முன்னம் ஒருக்காத் தொட்டுப் பாக்கோணும் எண்டு கேட்டவ.”

பார்க்காமல் அனுப்பியது

தேவியை அழைத்து, அந்த இழை அறுந்த சீலையையே அனுப்பு என்றேன். அது கடைக்குத் திரும்பி மூன்று நாள் ஆகியிருந்தது. புதியது அடுத்த நாள் காலை வந்தது. தேவி படம் எடுக்க மேசையில் விரித்தாள். “படம் வேண்டாம், கட்டு” என்றேன். இந்த வேலைக்கு வந்த பிறகு பார்க்காமல் நான் ‘சரி’ போட்டது அந்த ஒரு பொதிக்குத்தான். தேவி உடனே கட்டி, தானே விமானப் பொதிக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

பிறகு பொதி நிற்கிற இடத்தைத் திரையில் பார்ப்பதே என் வேலையானது. சென்னையை விட்டது. துபாயில் ஒரு நாள் முழுக்கக் கிடந்தது. மற்றப் படங்களைப் பார்க்கிற நேரத்தில் இதைத்தான் திறந்து திறந்து பார்த்தேன். சுகந்தி நாளுக்கு ஒரு தரம் கேட்பாள், நான் ஊர்ப் பெயரைச் சொல்வேன். தாய் இன்று கஞ்சி குடித்தா, இன்று ஆளை அடையாளம் தெரிந்தது என்று அவளும் சொல்வாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்த அம்மாவைப் பிடித்து வைத்திருக்கிறோம் என்று நினைத்தேன். நான்காம் நாள் அவளிடமிருந்து செய்தி வந்தது. “அம்மா விடியப் போயிட்டா அக்கா. சீலை இப்ப எங்க நிக்குது?”

சீலை சேர இன்னும் இரண்டு நாள் என்று திரை காட்டியது. நான் விரல் விட்டு எண்ணினேன். அந்த இரண்டு இழையை விட்டிருந்தால் அவ போவதற்கு மூன்று நாள் முந்தியே சீலை அவவின் கைக்குப் போயிருக்கும். எத்தனை தரம் எண்ணினாலும் மூன்று நாள்தான் வந்தது.

மாலை ஆறரைக்கு வந்த படம்

சீலை செத்தவீட்டுக்கு முந்தின நாள் போய்ச் சேர்ந்தது. அடுத்த நாள் மாலை நான் குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருந்தபோது கைத்தொலைபேசியில் ஒரு படம் வந்தது. அங்கே காலை ஒன்பது மணி. கீழே சுகந்தி எழுதியிருந்தாள்: “எங்களுக்குக் கூறை உடுத்தத் தெரியாது அக்கா. என்ர கலியாணத்துக்கும் வேற ஆள்தான் உடுத்திவிட்டது. நானும் மச்சாளும் வீடியோவைப் பாத்து உடுத்தினது. சனம் வரமுன்னம் ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ, சரியோ எண்டு.”

அடுப்பை நிறுத்தினேன். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. ஆகவே தெரிந்த வேலையைச் செய்தேன். படத்தைப் பெரிதாக்கி, தோளிலிருந்து தொடங்கினேன். தலைப்பு சரியான பக்கம் விழுந்திருந்தது. கொய்யகத்து மடிப்பு கொஞ்சம் அகலம், பிழையில்லை. கரை நேராக இருந்தது. கால்மாட்டுக்கு வந்தபோது கண்டேன்: வலது பக்கக் கரையில் கடையின் விலைத்தாள் ஒட்டியபடியே இருந்தது. ஆறு படத்தில் ஒன்றையாவது எடுக்கவிட்டு நான் பார்த்திருந்தால், தேவி அதைச் சென்னையிலேயே உரித்திருப்பாள். தேவையில்லாத இடத்தில் பார்த்தேன், தேவையான இடத்தில் பார்க்கவில்லை. உடனே எழுதினேன்: “கால்மாட்டில வலது கரையில விலைத்தாள் ஒட்டியிருக்கு. நிகத்தால மெதுவா உரியுங்கோ. மற்றதெல்லாம் சரி.”

இரண்டாவது படம் வந்தது. விலைத்தாள் இல்லை. அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். சின்ன முகம். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. முன்பின் அறியாத அந்த அம்மாவுக்காகக் குசினி நிலத்தில் இருந்து அழுதேன். அழுது முடித்து, கண்ணைத் துடைத்து, இன்னொரு தரம் பார்த்துவிட்டு, ‘சரி’ என்று அனுப்பினேன்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகு சுகந்தி தகப்பனிடம் தொலைபேசியைக் கொடுத்தாள். அவளாகக் கொடுக்கவில்லை. அவளிடம் நான்தான் கேட்டேன். இரண்டு இழை, ஐந்து நாள், மூன்று நாள் எல்லாவற்றையும் அவரிடம் கொட்டி, என்னை மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். திட்டப்போகிறார் என்று காதைத் தீட்டி வைத்திருந்தேன். “பிள்ளை, அவ பாக்கேல்லைத்தான்” என்றார். “நான் பாத்தனான், நீரும் பாத்தனீர். நல்ல சீலை. உம்மில எனக்கு ஒரு கோவமும் இல்லை, நீர் சாப்பிட்டீரோ?”

இந்தத் தொழிலில் திட்டு வாங்கிப் பழகிவிடலாம். திட்டாத வாடிக்கையாளரைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.