தோழிக்கு யார் தூது?

நெய்வேலி பதினாறாவது வட்டத்தில் பொற்கொடியைத் தெரியாத காதலர்கள் இல்லை. மதுரைக்காரப் பெண்ணுக்கும் விருத்தாசலத்துப் பையனுக்கும் மனசு ஒன்றானால், பெற்றவர்களிடம் முதலில் போய்ப் பேசுகிறவள் அவள்தான். அப்படி ஒன்பது கல்யாணங்கள். அவளுக்கு மட்டும் முப்பத்தெட்டு வயதிலும் ஆகவில்லை.

பகலில் சுரங்க அலுவலகத்தில் கான்ட்ராக்ட் வேலை. மாலையில் பழந்தமிழ்க் காதல் பாடல்கள். முந்நூறு பாடல்களில் யார் பேசுகிறார்கள், யாருடைய காதலைப் பேசுகிறார்கள் என்று குறித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தாள்.

"பாட்டை ரசிக்காம எண்ணிக்கினு இருக்கியேடி!" என்பாள் பக்கத்து வீட்டுத் திலகவதி.

"கீழ நின்னா ஒரு செடிதான் தெரியும்க்கா. தோட்டம் பூரா பாக்க மாடி ஏறணும். இது மாடி."

அந்தச் சனிக்கிழமை, ஷிப்ட் முடிந்து நிலவன் வந்தான். சுரங்கத்தில் பர்மனென்ட் ஆபரேட்டர்.

"பண்ருட்டியில ஒரு பொண்ணு சொல்றாங்க. நாளைக்குப் பாக்கப் போறோம். நீங்களும் வந்து பேசுங்க. எனக்குப் பேச வராது."

ஆறு வருஷமாக அவள் மனசில் இருப்பவன் அவன். பர்மனென்ட் எங்கே, கான்ட்ராக்ட் எங்கே என்று தன் வாயைத் தானே கட்டிக்கொண்டவள் அவள்.

"சரிங்க" என்றாள்.

அவன் போனபின், அழக்கூடாது என்று கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, பாடல்களில் அதிகம் பேசுவது யார் என்று எண்ணச் சொன்னாள். விடை வந்தது. அதிகம் பேசியவள் தலைவியின் தோழி. நூற்றுப் பன்னிரண்டு பாடல்கள். அவற்றில் தன் காதலைப் பேசியவை?

பூஜ்ஜியம்.

தப்பு என்று நினைத்து மறுபடி ஓட்டினாள். மூன்று முறையும் பூஜ்ஜியம். பாடல்களைத் திறந்து பார்த்தாள். உண்மைதான். இருபது வருஷமாக ஒவ்வொன்றாகப் படித்தபோது கேட்காத அந்த மௌனம், மொத்தமாக எண்ணியபோது கேட்டது. ஜன்னலுக்கு வெளியே, மாலை வெயில் புகைபோல் இறங்கிய சாலையில், பெயரில்லாத நூற்றுப் பன்னிரண்டு பெண்கள் மரநிழலில் நின்று தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது. அவர்களுக்கு நடுவே நடந்துபோவதுபோலவே நிலவனின் குவார்ட்டர்ஸுக்கு நடந்தாள்.

அவன் நாளைய சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"எத்தனை மணி பஸ்ஸுன்னு கேக்க வந்தீங்களா?" என்றான், வாசலில் நின்றவளிடம்.

"நான் வரலைங்க."

"உடம்பு சரியில்லையா?"

"இன்னொருத்திக்காகப் பேச என்னால முடியாது." நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "எனக்காகத்தான் பேச வந்தேன். உங்ககிட்ட."

அவன் சுவிட்சை அணைத்தான். நாளைய சட்டையை மடித்து அலமாரிக்குள் வைத்தான்.

"உள்ள வாங்க பொற்கொடி" என்றான். "உக்காந்து பேசுங்க."