பின்னால் மண் இருக்க வேண்டும்

தவச்செல்வன் ஒரு சிட்டிகை திருநீற்றை எடுத்து, மூக்குக்கு நேரே பிடித்து, விரல்களை விரிக்கிறார். நீறு நேரே கீழே விழாமல் இடப்பக்கமாக நகர்ந்து, சரிவோடு இறங்கி, பீச் மரங்களுக்கு நடுவே கரைந்து போகிறது. "கீழைதான் இழுக்குது" என்று முணுமுணுத்துவிட்டு வந்த வழியே திரும்புகிறார். மலையைச் சுற்றிப் போய் மறுபக்கத்தால் ஏற வேண்டும். இவ்வளவு தூரம் நடந்தது வீண்தான். ஆனால் மனித வாடையைக் காற்று முன்னால் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால், மான் அங்கே நின்று வரவேற்கப் போவதில்லை.

காற்றுப் பார்க்க மற்ற வேட்டைக்காரர்கள் கடையில் விற்கும் மாவுக் குப்பி வைத்திருக்கிறார்கள். இவருக்குத் திருநீறுதான் சரிவரும். அதற்கு வாசமில்லை, ஈரத்தில் கட்டியாவதுமில்லை என்பது அவர் கட்சி. மனைவி ஜெயகௌரி இதை முதன்முதலில் கண்டபோது வீடு இரண்டுபட்டது. "கோயில் திருநீற்றைக் காத்திலை பறக்க விட்டுக்கொண்டு திரியிறியளோ?" என்றார். "நெத்தியிலை பூசினாலும் காத்திலை விட்டாலும் அவரிட்டைத்தானே போகுது" என்றார் இவர். ஜெயகௌரி அடுத்த கிழமை வேட்டைக்கென்று தனியாக ஒரு சின்னப் பேணியில் திருநீறு போட்டுக் கொடுத்துவிட்டார்.

சோலோதுர்ன் நகருக்கு வெளியே ஓர் இரும்புத் தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தில் நிற்பவர் தவச்செல்வன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வயிறு கொஞ்சம் முன்னுக்கு வந்திருந்தாலும் சரிவில் ஏறும்போது மூச்சு வாங்குவதில்லை. யாருடைய கல்யாணத்துக்குப் போனாலும் மண்டபத்து ஜன்னலோரக் கதிரையைத் தேடிப் பிடிப்பார். ஐயர் அங்கே மந்திரம் சொல்லிக்கொண்டிருக்க, இவர் வெளியே தெரியும் மலையைப் பார்த்து, "அந்த மடிப்பைப் பாரும், அதாலைதான் இறங்கும்" என்று பக்கத்தில் இருப்பவரின் தொடையில் தட்டுவார். எது இறங்கும் என்று தெரியாமல் அந்த மனிதர் முழிப்பார்.

வேட்டைக்கு இவரை இழுத்துவிட்டவர் உர்ஸ். தொழிற்சாலையில் அடுத்த இயந்திரத்தில் நிற்பவர், ஊர் வேட்டைக் குழுவின் தலைவரும் அவரே. ஓர் இலையுதிர்காலத்தில் மான் கலைக்க ஆள் போதாமல் இவரைக் கூப்பிட்டார். தடியால் மரங்களைத் தட்டிக்கொண்டு புதருக்குள் நடந்த அந்த ஒரு நாளோடு தவச்செல்வனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. வேட்டைச் சோதனை எழுதப் போகிறேன் என்று வீட்டில் சொன்னதும் ஜெயகௌரி கரண்டியைக் கீழே வைத்தார்.

"துவக்குக்குப் பயந்து கடல் கடந்து வந்தனீங்கள். இஞ்சை வந்து துவக்கு வாங்கப் போறியளோ?"

நியாயமான கேள்வி. இலங்கைக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு இந்த நாட்டில் துவக்கு வாங்கவும் முடியாது. இந்த நாட்டின் சிவப்புக் கடவுச்சீட்டு கைக்கு வந்த பிறகுதான் அவருடைய ஆசைக்கே வழி பிறந்தது. அன்று அவர் மனைவிக்குச் சொன்ன பதிலை இன்றைக்கும் மாற்றவில்லை. "அங்கை துவக்கோடை ஒருத்தனைக் கண்டால் ஓடி ஒளிச்சனான். இஞ்சை ஒரு நாடு என்னை நம்பி என்ரை கையிலையே துவக்கைத் தருது, கௌரி. அந்த நம்பிக்கைக்கு நான் ஒழுங்கா நடக்கோணும்." ஒழுங்காக நடப்பது என்றால் அவருக்கு என்ன அர்த்தம் என்பது பிறகுதான் எல்லோருக்கும் புரிந்தது.

மான் எங்கே நிற்கும் என்று கேட்டால் நிலத்தைப் பற்றித்தான் பேசுவார். புல்வெளி ஒரு மூலையைக் காட்டுக்குள் நீட்டியிருக்கும் இடம், புயலில் ஊசியிலை மரங்கள் சாய்ந்த பின் முட்பழச் செடி மண்டிய வெட்டை, செங்குத்தான சரிவின் நடுவே படிபோல ஓடும் சமதரை, இரண்டு மேடுகளுக்கு இடையே முதுகு தாழ்ந்து கிடக்கும் பள்ளம். "மானும் எங்களைப் போலைதான். ஏறுறதெண்டால் அதுக்கும் பஞ்சி. எங்கை லேசோ அதாலைதான் கடக்கும்" என்பார். இந்த விஷயத்தில் அவர் தம்மையும் மானையும் பிரித்துப் பார்ப்பதே இல்லை.

இவ்வளவும் அவர் கற்றது வெள்ளிக்கிழமைகளில். வெள்ளிக்கிழமை வீட்டில் மரக்கறிச் சாப்பாடு, அன்றைக்கு உயிர் எடுக்கக் கூடாது என்பது ஜெயகௌரியின் கண்டிப்பான உத்தரவு. இவர் மறுப்புச் சொல்லவில்லை. காலை வேலை முடிந்ததும் துவக்கைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, தூரக்கண்ணாடியும் ரொட்டிப் பொதியுமாகக் காட்டுக்குப் போய், இருட்டும்வரை சும்மா இருந்து பார்ப்பார். சுடத் தேவையில்லாத நாள் என்பதால் அவசரமும் இல்லை.

ஆனால் மூன்று பருவம் போயும் ஒரு மான்கூட விழவில்லை. சோதனையில் தேறிய அன்றே ஜெயகௌரி உறைபெட்டியில் ஒரு தட்டை ஒதுக்கி வைத்தார். அது வெறுமையாகவே கிடந்தது. தமிழ்ச்சனம் கூடும் இடமெல்லாம் இதே கதைதான். "அண்ணை, மானுக்கு இன்னும் பெர்மிட் கிடைக்கேல்லையோ?" என்பார்கள். இவரும் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்கு வரும் வழியில் காரை மெதுவாக்கி மலைச்சரிவைப் பார்ப்பார். ஒரே ஒரு மான், அதுவும் நோகாமல், ஒரே குண்டில். அதைத் தவிர இந்த மலையிடம் அவர் வேறெதுவும் கேட்கவில்லை.

சந்தர்ப்பம் வராமல் இல்லை. வந்ததையெல்லாம் இவர்தான் விட்டார். குண்டு மானோடு நிற்காது, ஊடுருவிப் போகும். அதைத் தாங்க மானுக்குப் பின்னால் மண்மேடு இருக்க வேண்டும். எல்லா வேட்டைக்காரருக்கும் தெரிந்த விதிதான். மற்றவர்கள் ஒரு பார்வையில் தீர்மானிப்பார்கள். இவர் இரண்டாம் தரமும் பார்ப்பார், அதற்குள் மான் போய்விடும். "பின்னாலை மண் தெரியேல்லையெண்டால், முன்னாலை மானும் இல்லையெண்டு நினைக்கோணும்" என்பார். குழுவில் ஒருவர், இவர் துவக்கைக் காற்று வாங்கக் கூட்டிப்போகிறார் என்று கேலி செய்ததும் உண்டு.

இந்த வருடம் இடம் கச்சிதமாக அமைந்தது. இரண்டு மேட்டுக்கு நடுவே உள்ள அந்தப் பள்ளத்தைக் கோடை முழுக்க வெள்ளிக்கிழமைகளில் கீழே ஒரு மரத்தடியிலிருந்து பார்த்து வைத்திருந்தார். மான்கள் ஒவ்வொரு முறையும் அதே இடத்தால் கடந்தன. ஒரு சனிக்கிழமை விடியற்காலை துவக்கோடு போய் அதே மரத்தடியில் உட்கார்ந்தார். வெளிச்சம் வந்தது, மானும் வந்தது. பள்ளத்தின் நடுவே பக்கவாட்டில் நின்று தலையைத் தூக்கியது. இவர் துவக்கைத் தோளில் வைத்துக் கண்ணாடிக்குள் பார்த்தார். மானுக்குப் பின்னால் வெறும் வானம். அந்த வானத்துக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாமல், ஓர் ஊர் இருந்தது.

துவக்கை இறக்கினார். அடுத்ததாக வந்த மானுக்கும் அதே வானம். கோடை முழுக்கக் கையில் துவக்கு இல்லாமல் பார்த்த கண்ணுக்கு மானின் அழகு மட்டும்தான் தெரிந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து தலையில் கைவைத்துக்கொண்டு மனைவியிடம் ஒப்புக்கொண்டார். "நான் ஒரு மடையன், கௌரி. பாக்கிறதுக்கு இடம் பிடிச்சிருக்கிறன், சுடுறதுக்கில்லை."

ஜெயகௌரி தேத்தண்ணியை நீட்டினார். "அப்ப வாற வெள்ளி மானைப் பாக்காதேங்கோ. மானுக்குப் பின்னாலை பாருங்கோ" என்றார்.

வெள்ளிக்கிழமை அப்படியே செய்தார். பள்ளத்துக்கு மேலே, சரிவின் பாதியில், படிபோன்ற ஒரு சமதரை. அங்கிருந்து கீழ்நோக்கிப் பார்த்தால் மான் நிற்கும் இடத்துக்குப் பின்னால் எதிர்ச்சரிவின் கறுத்த மண் சுவராக எழுந்து நின்றது. ஒரே ஒரு சிக்கல். விடியற்காலைக் குளிர்காற்று மேலிருந்து கீழே இறங்கி இவருடைய வாடையை நேரே பள்ளத்தில் கொண்டுபோய்க் கொட்டும். வெயில் சரிவில் பட்ட பிறகுதான் காற்று மேலே திரும்பும். மற்றவர்கள் அந்நேரம் துவக்கை இறக்கிவைத்துப் பாணும் சீஸுமாகக் காலைத் தீனிக்குப் போய்விடுவார்கள்.

மறுநாள் அவர்கள் போகும்போதுதான் இவர் ஏறினார். வெயில் கழுத்தில் சுட்டது. பேணியைத் திறந்து நீற்றை விட்டார், அது மெல்ல மேலே எழும்பியது. கொஞ்ச நேரத்தில் ஓர் இளம் பெண்மான் தனியாக வந்து பள்ளத்தில் நின்றது. இவர் மானைப் பார்த்தார், பின்னால் மண்ணைப் பார்த்தார், வழக்கம்போல இரண்டாம் தரமும் பார்த்தார். மான் போகவில்லை. ஒரே வெடி. நின்ற இடத்திலேயே சாய்ந்தது.

சத்தம் கேட்டு உர்ஸ் வந்து சேரும்வரை அவர் எழும்பவில்லை. பெரிய சந்தோஷம், கூடவே ஓர் உயிரை எடுத்த பாரம். இருவரும் இறங்கிப் போனார்கள். உர்ஸ் ஊசியிலை மரத்தில் ஒரு கொப்பை ஒடித்துக் கொடுத்தார். அதை மானின் வாயில் வைப்பது இங்குள்ள வழக்கம், அதற்குக் கொடுக்கும் கடைசிக் கவளம். தவச்செல்வன் முழந்தாளிட்டு வைத்தார். இன்னொரு கொப்பை உர்ஸ் தமது தொப்பிமேல் வைத்து நீட்டி, "வைட்மன்ஸ்ஹைல்" என்று வாழ்த்தினார். அதற்கு "வைட்மன்ஸ்டாங்க்" என்று நன்றி சொல்ல வேண்டும். சொன்னார். உர்ஸ் தோளில் கைவைத்தார்.

பிறகு மானை அறுக்கக் கத்தியை எடுக்காமல் தவச்செல்வன் மானைத் தாண்டி எதிர்ச்சரிவுக்கு நடந்தார். இலைச்சருகை விலக்கி விலக்கித் தேடினார். குண்டு போய்ப் புதைந்த சின்னத் துளையைக் கண்டதும் தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, குனிந்து, அந்த மண்ணைத் தொட்டு இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார்.