சுவரில் கழுவுகிற அம்மா

படம் வரைந்த அன்றைக்கு அந்தச் சந்தில் இருந்தவர்கள்: அம்மா. அம்மாவின் தம்பி, கடையில் சமையல் வேலை பார்த்த மாமா. கடை முதலாளி. சுவரில் படம் வரைய வந்த அண்ணன். பிறகு நான். அப்போது பள்ளியில் தொடக்கநிலை இரண்டில் படித்தேன்.

சிராங்கூன் ரோட்டுக் கடைகளுக்குப் பின்னால் இருக்கிற சந்து அது. சாப்பாட்டுக் கடையின் பின்கதவு அங்கேதான் திறக்கும். கதவுக்குப் பக்கத்தில் ஒரு குழாய். அம்மா அதனடியில் குந்தி உட்கார்ந்து கடைப் பாத்திரம் எல்லாம் கழுவுவார். அப்பா இல்லை. அந்தக் குழாயடிதான் எங்களுக்குச் சோறு போட்டது. பள்ளி விட்டதும் நேரே அங்கே போய்விடுவேன். எலி ஓடும். சாக்கடை நாறும். வேறு யாரும் அந்தப் பக்கம் வர மாட்டார்கள்.

சந்து முழுதும் சுத்தம் செய்து, சனங்கள் நடக்கவும் உட்காரவும் தோதாக ஆக்கப்போகிறார்கள் என்று அந்த வருஷம் பேச்சு வந்தது. சாக்கடைக்கு மூடி போட்டார்கள். தரையில் கல் பதித்தார்கள். விளக்கு, பெஞ்சு எல்லாம் வந்தது. கடைசியில் அண்ணன் பெயிண்ட் டப்பாக்களோடு வந்தார். இந்தச் சந்தில் கண்டதையே வரையப்போகிறேன் என்றார். அவர் கண்டது அம்மாவை.

மறுநாள் அம்மா தீபாவளிச் சேலையில் வந்தார். தலையில் பூ. மாமா பின்கதவில் நின்று சிரித்தார்.

“என்னக்கா, சட்டி கழுவ வந்தியா, சம்பந்தம் பேச வந்தியா?”

“வாய மூடுடா. ஊரே பாக்கப்போகுது.”

அண்ணன் தலையைச் சொறிந்தார். “ஆன்ட்டி, டெய்லி கட்டுற சேலையே போதும் லா. அதான் நேச்சுரலா இருக்கும்.”

“அது கிழிஞ்சதுப்பா.”

“பரவால்ல ஆன்ட்டி. கிழிசலும் வேணும்.”

அம்மா உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தார். பூவையும் எடுத்துவிட்டார். குழாயடியில் உட்கார்ந்தார். சிரிக்கச் சொன்னதும் சிரித்தார்.

முதலாளி வந்து பார்த்தார். மாமாவை உள்ளே கூப்பிட்டார். திரும்பி வந்த மாமா அப்புறம் கேலி பேசவில்லை. எச்சில் தட்டுகளை எப்போதும் தொப்பென்று போடுகிறவர், அன்றைக்கு அம்மா பக்கத்தில் மெதுவாக வைத்துவிட்டுப் போனார்.

படம் முடிந்து திறப்பு விழா நடந்தது. பெரிய ஆட்கள் வந்தார்கள். அம்மாவைப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். நானும் கைதட்டினேன். கூட்டம் போன பிறகு முதலாளி இரண்டு பொட்டலம் பிரியாணி கொடுத்தார்.

“இனிமே வெளிய கழுவக்கூடாதுன்னுட்டாங்கக்கா. உள்ள உக்காந்து கழுவ இடமில்ல. மெஷின் வாங்கிட்டேன்.”

அம்மா சுவரைக் காட்டினார். “அங்க கழுவுறேனே?”

“அது படம்க்கா.”

மாமா பின்கதவை உள்ளிருந்து சாத்திக்கொண்டார்.

மெஷின் வந்தால் அம்மாவுக்கு வேலை குறையும் என்று நினைத்துக்கொண்டேன். படம் நன்றாக வந்ததற்குத்தான் பிரியாணி என்றும் நினைத்தேன். அம்மா சாப்பிடவில்லை. அவர் பொட்டலத்தில் இருந்த முட்டையையும் நானே தின்றேன்.

அப்புறம் அம்மா தூரத்தில் புக்கிட் பாஞ்சாங்கில் அடுக்குமாடி வீட்டு புளோக்குகளைக் கூட்டும் வேலைக்குப் போனார். விடியுமுன் கிளம்ப வேண்டும். சாமான் வாங்கச் சிராங்கூன் ரோட்டுக்கு வந்தாலும் அந்தச் சந்து வழியே வர மாட்டார். படத்தைப் பார்க்கலாம் என்று கையைப் பிடித்து இழுப்பேன். வேகமாக நடப்பார். ராத்திரியெல்லாம் கால் வலி என்கிறவர் எதற்கு இப்படிச் சுற்றிப் போகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

அம்மா இப்போது இல்லை. போன வாரம் நான் மட்டும் அங்கே போனேன். பெஞ்சில் ஆட்கள் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். பிள்ளைகள் ஓடி விளையாடின. நல்ல இடம்தான். பொய் சொல்லக்கூடாது. படம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. அம்மா சிரிக்கிறார். சேலையில் கிழிசல் அப்படியே இருக்கிறது. குழாயடியில் அம்மா கழுவிய தட்டுகளுக்குக் கணக்கே கிடையாது. சுவரில் இருக்கிறதை எண்ணிப் பார்த்தேன்.

ஏழு.