கிராபாவைக் கணக்கில் சேர்க்காத வெர்னல்

ஜமைக்காவின் தென்கரையில் சங்கு குளிப்பவர்களில் வெர்னல் ஈபாங்க்ஸுக்கு ஒரு பெயர் இருந்தது. முதுகில் காற்று உருளை கட்டாமல், வெறும் மூச்சை மட்டும் நம்பி இறங்கி, இரண்டு கையிலும் சங்கோடு மேலே வருவார். நாற்பத்தெட்டு வயதில் அந்த மூச்சு பாதி வழியிலேயே திரும்பத் தொடங்கியது. படகுக்காரர் கிலன்வில் ஒன்றும் திட்டவில்லை. கயிற்றை எடுத்து வெர்னலின் கையில் கொடுத்து, "இன்னிக்கு நீ மேலேயே இரு" என்றார். அந்த 'இன்னிக்கு' மாதக்கணக்கில் நீண்டது.

மூச்சு திரும்பி வரட்டும் என்று, ஈஸ்டர் அன்று வெர்னல் சிகரெட்டை விட்டார். கரை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் விட்டார். கூட்டாளி ரோன் மீன் சூப் வாங்கிக் கொடுத்தான். மனைவி ஐசில்டா, கரையில் மீன் விற்பவள், வாங்க வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொன்னாள். மழைக்காலமும் வந்தது. மூச்சு மட்டும் வரவில்லை. காலையில் எழுந்ததும் அதே இருமல், அதே எரிச்சல்.

சாயங்காலம் ஒரு கஞ்சா சுருட்டு, காலையில் ஒன்று. அது அவர் இளவயதிலிருந்தே உள்ள பழக்கம். கஞ்சா கொல்லையிலேயே வளர்ந்தது. அதோடு கடையில் வாங்கிய கிராபாவைக் கிள்ளி, நொறுக்கிக் கலந்துதான் உருட்டுவார். கறுத்த, முரட்டுப் புகையிலை இலை அது. அந்தப் பக்கத்தில் பலரும் அப்படித்தான் உருட்டுவார்கள்; யாரும் அதைப் புகையிலை என்று நினைப்பதில்லை.

ஒரு வாரம் புயல் சின்னம். கடல் மூடியது, கடையும் மூடியது. வெர்னல் கஞ்சாவை மட்டும் உருட்டி இழுத்தார். முடித்த பிறகும் கூட்டில் அடைத்த சேவல் மாதிரி வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தார். வள்ளிக்கிழங்கில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளினார்.

"உப்பு எப்பவும் போலத்தான் இருக்கு. உனக்கு என்ன கேடு?" என்றாள் ஐசில்டா.

"ஒண்ணுமில்ல."

"கஞ்சாதான் கொல்லை பூரா நிக்குதே. அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து?"

"கிராபா தீந்து போச்சு. அது இல்லாம தலை வெடிக்குது."

ஐசில்டா கரண்டியைக் கீழே வைத்தாள். "சிகரெட்டை விட்டேன்னு ஊரெல்லாம் சொன்னியே. கிராபா என்ன, கலலூக் கீரையா?"

வெர்னல் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு கிழங்கைத் தின்றார்.

கடல் திறந்ததும் அவர் செய்ததுதான் பெரிய காரியம். மீன்கூடு பின்னிக்கொண்டிருந்தவர்கள் நடுவில் போய் நின்று, "நான் இன்னும் புகையிலைய விடல" என்றார். "சுருட்டுல கலந்த கிராபா வழியா உள்ள போய்க்கிட்டே இருந்திருக்கு. எனக்கே தெரியல."

பின்னலை நிறுத்திவிட்டு ரோன் கேட்டான்: "அப்ப நான் வாங்கிக் குடுத்த சூப்பு?"

"கடனா வச்சுக்கோ."

"வட்டி உண்டுண்ணே."

கரை சிரித்தது. கிலன்வில் சிரிக்கவில்லை. தன் சட்டைப்பையில் இருந்த கிராபாப் பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கிராபா இல்லாமல் கஞ்சா மட்டும் என்று முதலில் பார்த்தார் வெர்னல். தாளை விரித்ததும் கை தானாகப் புகையிலையைத் தேடியது. ரோனிடம் ஒருமுறை கொஞ்சம் கிராபா கிள்ளியும் வாங்கிவிட்டார். அதோடு உருட்டுவதையே நிறுத்தினார். கை அரித்தபோதெல்லாம் ஐசில்டா பாகற்கொடி கஷாயத்தை நீட்டினாள். "இதைவிடக் கசக்குதா?" என்று கேட்பாள். கசந்தது. குடித்தார்.

குளிர்காற்று இறங்கும் பருவத்தில் ஒரு காலை, ஆழத்திட்டுக்கு மேலே படகு நின்றது. கிலன்வில் கயிற்றை வெர்னலிடம் நீட்டவில்லை, முக்குளிக்கும் முகக்கண்ணாடியை நீட்டினார். வெர்னல் இறங்கினார். பாதி வழி வந்தது, போனது. மணல் தெரிந்தது, சங்கு தெரிந்தது. மேலே தலை தெரிந்தபோது ஒரு கையில்தான் சங்கு இருந்தது; ஆனால் மூச்சில் இன்னும் மிச்சம் இருந்தது.

"இன்னொரு கைக்கு என்ன ஆச்சு?" என்றான் ரோன். கயிறு அவன் கையில் இருந்தது.

"திரும்பப் போறேன், பொறு."

அன்று கரையில் சங்கு வாங்க வந்தவர்கள் விலை கேட்டார்கள். ஐசில்டா விலையைக் கடைசியில்தான் சொன்னாள். முதலில், அது யார் எடுத்தது என்று சொன்னாள்.