திருச்செல்வம் வெளியே போன நேரம்

கண்டியில் ஒரு பக்கத் தெருவில், காசு கட்டி விசேட வைத்தியர்களைப் பார்க்கும் அந்த செனலிங் சென்டர் இருக்கிறது. இரண்டு மாடி, ஒன்பது அறை, இருபத்திரண்டு விசேட வைத்தியர்கள். அவர்களில் ஒருவரும் மாலை நாலரைக்கு முன் வருவதில்லை. வந்த பிறகு ஒரு நோயாளியோடு ஐந்து நிமிடத்துக்கு மேல் இருப்பதுமில்லை. ஆகவே அந்தக் கட்டடத்தில் நோயைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு, வாசலில் மேசை போட்டு நம்பர் கொடுத்துக்கொண்டிருந்த திருச்செல்வத்தின் தலையில் விழுந்திருந்தது.

அவருக்கு வயது நாற்பத்திரண்டு. கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து தினமும் பேராதனை வழி பஸ்ஸில் வருகிறவர். கழுத்தில் டை கட்டி வேலைக்குப் போகும் முதல் ஆள் அந்த லயத்தில் அவர்தான். பன்னிரண்டு வருடமாக மூன்று மொழியிலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்: "எங்க நோவு?" நோயாளி கண்ணில் கை வைத்தால் ஆறாம் அறை. காது, மூக்கு, தொண்டை மூன்றாம் அறை. நெஞ்சு என்றால் முதலாம் அறை. லிப்ட் இல்லாததால் அது மட்டும் கீழ் மாடியில். வயிறு என்றால் கூடுதலாக ஒரு கேள்வி உண்டு, மேல் வயிறா கீழ் வயிறா என்று. தலை என்று அவர் ஓர் இடத்தை ஒப்புக்கொள்வதில்லை. முன்தலை கண்ணைச் சேர்ந்தது, பக்கத் தலை காதைச் சேர்ந்தது, பின்தலை பிரஷரைச் சேர்ந்தது. கொழும்பிலிருந்து மாதம் ஒருமுறை வரும் நரம்பியல் வைத்தியர் கை கால் விழுந்தவர்களுக்கு மட்டும் என்பது அவருடைய தீர்மானம்.

அறை மாற்றி அனுப்பியதாக எந்த டொக்டரும் முறையிட்டதில்லை. வந்த நோயாளியைத் திருப்பி அனுப்பும் டொக்டர் அங்கே இல்லை.

ஐந்து வருடங்களுக்கு முன், ஐப்பசி மழையோடு, திருச்செல்வத்துக்கே நோவு வந்தது. மாலை ஐந்து பத்துக்கு வலது கண்ணுக்குப் பின்னால் யாரோ கவாத்துக் கத்தியை வைத்துத் திருகியதுபோல் இருந்தது. அந்தக் கண் சிவந்து நீர் கொட்டியது. வலப்பக்க மூக்கு மட்டும் ஒழுகியது. இமை பாதி இறங்கியது. உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. மேசையை விட்டு எழுந்து பின்னாலிருந்த ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மூன்றடி முன்னும் மூன்றடி பின்னுமாக நடந்தார். சுவரில் நெற்றியை முட்டினார். ஒரு மணித்தியாலத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் வலி போய்விட்டது. மறுநாள் அதே ஐந்து பத்துக்குத் திரும்பி வந்தது.

அந்த அறையில் பழைய பைல்கள், கால் உடைந்த கதிரை, ஆள் நெஞ்சு உயரத்துக்கு ஓர் இரும்புச் சிலிண்டர் ஆகியவை இருந்தன. மழைக்காலத்தில் ஊழியர்கள் சிலிண்டரின் கழுத்தில் குடைகளை மாட்டுவார்கள். சுவரைவிட அது குளிர்ச்சியாக இருந்ததால் திருச்செல்வம் பிறகு அதில்தான் நெற்றியை வைத்துக்கொண்டார்.

தனக்கும் அவரே அறை ஒதுக்கினார். கண்ணீர் வருகிறது, ஆகவே ஆறாம் அறை. ஊழியருக்கு நம்பர் தேவையில்லை; பதினாறாம் நோயாளிக்கும் பதினேழாம் நோயாளிக்கும் நடுவே கதவைத் திறந்து, நின்றபடியே கேட்டுவிட்டு வரலாம். "சேர், கண் நோவு" என்றார். கண்ணாடி கிடைத்தது. ஏழாவது கிழமை நோவு போனது. கண் டொக்டர் தெய்வம் என்று ஊரெல்லாம் சொன்னார்.

அடுத்த ஐப்பசியில் தெய்வம் கைவிட்டது. மூக்கு ஒழுகுகிறது என்று மூன்றாம் அறைக்குப் போனார். "சேர், சைனஸ்" என்று நோயின் பெயரையும் அவரே சொல்லி டொக்டரின் நேரத்தை மிச்சப்படுத்தினார். மூக்குக்கு அடிக்கும் மருந்து கிடைத்தது. ஏழாவது கிழமை நோவு போனது. மூன்றாம் வருடம் வலி தாடைக்கும் இறங்கியதால் பல் டொக்டர். நல்ல பல் இரண்டு போயின; பிடுங்கிய மூன்றாம் நாள் நோவும் போனது. இதைத் திருச்செல்வம் கலஹா பஸ்ஸில் ஒரு மாதம் பேசினார். அவர் பேச்சைக் கேட்டுத் தோட்டத்தில் பதினொரு பேர் தலைவலிக்குப் பல் பிடுங்கிக்கொண்டார்கள். முதல் ஆள் அவருடைய மனைவியின் மாமா ராஜலிங்கம், தோட்டத்து லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர். நாலாம் வருடம், நாட்டு வைத்தியம் பார்க்கும் பக்கத்து ஊர் வெதமாத்தயா ஒரு பச்சை எண்ணெயும் கையில் ஒரு நூலும் கொடுத்தார். ஏழாவது கிழமை, வழக்கம்போல்.

யாரிடம் கடைசியாகப் போனாரோ அவர் கெட்டிக்காரர். இந்தக் கணக்கில் இருந்த கோளாறு அவருடைய மனைவி கலாராணிக்கு மட்டும் தெரிந்தது. "ஊருக்கெல்லாம் அறை சொல்றீங்க. உங்களுக்கு மட்டும் வருசத்துக்கு ஒரு புது அறை. ஒன்பது அறையும் முடிஞ்சா மொட்டை மாடிக்கா போவீங்க?" என்று கேட்டாள்.

ஐந்தாம் ஐப்பசியில் சென்டரின் முதலாளி முஹைதீன் ஹாஜியார் விழித்துக்கொண்டார். மாலை ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவேதான் கூட்டம் அதிகம். அந்த நேரத்தில் நம்பர் சொல்லும் ஆள் காணாமற்போகிறார். திரும்பி வரும்போது கண் சிவந்திருக்கிறது. ஹாஜியார் அறிந்தவரை கண்ணைச் சிவக்கவைக்கும் பொருள் ஒன்றுதான், அது போத்தலில் வருவது. டெலிபோன் எடுக்கும் சுந்தரியிடம் ஒரு நாற்பது பக்கக் கொப்பியைக் கொடுத்தார். "திருச்செல்வம் எத்தின மணிக்குப் போற, எத்தின மணிக்கு வார, போற நேரம் எப்பிடி ஈக்கி, எல்லாம் எழுதுங்க. ஒண்டும் உடவேணாம்."

சுந்தரி சொன்னதைச் செய்யும் பிள்ளை. "அண்ணே, எழுதிக்கிறேன். அஞ்சு பத்து. கோவிச்சுக்காதீங்க."

"எழுதும்மா. அழுதுகிட்டே போனார்னும் சேர்த்து எழுது."

"ரெண்டு கண்ணுலயும் அழல. வலது கண்ணு மட்டுந்தான்" என்று சொல்லி, அப்படியே எழுதினாள்.

இருபத்தொரு நாள் கழித்து ஹாஜியார் கொப்பியோடு அவரைக் கூப்பிட்டார்.

"இருபத்தொரு நாளும் அஞ்சு பத்து. தலைவலி மணிக்கூடு பார்த்தா வாரது, தம்பி? கலஹா பஸ்ஸும் அப்பிடி வாரல்ல. எனக்கும் தலைவலி வாரதான். கரண்ட் பில் கண்டா வரும், சம்பந்தி வீட்டு ஆக்கள் வந்தா வரும். நேரகாலம் இல்லாம வரும். அதுக்குத்தான் தலைவலி எண்டு பேரு."

"ஸ்டோர் ரூமுக்குள்ளதான் இருக்கேன், ஹாஜியார்."

"அதுக்குப் பின்கதவு ஈக்கி."

"கதவைத் தொறந்தா மதில். மதிலுக்கு அங்கிட்டு சாக்கடைக் கான். கானுக்குள்ள எறங்கிக் குடிக்கவா போறேன்?"

ஹாஜியார் அந்தச் சாத்தியத்தையும் யோசித்துப் பார்த்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். மாதம் முடியுமுன் வைத்தியர் கடிதம் வேண்டும். இல்லாவிட்டால் மேசைக்கு வேறு ஆள் வரும். "எங்கட டொக்டர்மார்ட கடிதம் வேணாம். அவங்க உங்கட கூட்டாளிமார், கேட்டா புள்ளப்பேறு லீவுக்கும் எழுதித் தருவாங்க. உங்களத் தெரியாத டொக்டர் ஒராள்ட போங்க. கொப்பியையும் கொண்டு போங்க, பொய் செல்ல ஏலாம ஈக்கும்."

இருபத்திரண்டு விசேட வைத்தியர்களைத் தெரிந்த மனிதரைத் தெரியாத டொக்டர் வேண்டுமென்றால் அரசாங்க ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும். திருச்செல்வம் போனார். வெளிநோயாளர் பிரிவில் இருந்த இளம் டொக்டர் கொப்பியில் ஒரு பக்கம் படித்துவிட்டு, மூன்று நாள் கழித்து நடக்கும் நரம்பியல் கிளினிக்குக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார். "எனக்குக் கை கால் நல்லாத்தானே இருக்கு" என்று திருச்செல்வம் சொல்லிப் பார்த்தார். பலிக்கவில்லை.

கிளினிக்கில் அவருக்கு அறுபத்து மூன்றாம் நம்பர். பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தார். உட்கார வாங்கில் இடம் கிடைக்க ஒரு மணித்தியாலம், உட்கார்ந்த பிறகு மூன்று மணித்தியாலம். இங்கே நம்பர் கூப்பிடுகிறவர் முப்பதுக்குப் பிறகு குரலை இறக்கிவிட்டார். பின்வரிசையில் இருப்பவனுக்குக் கேட்காது. தொழில் தெரியாத ஆள். இதைப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அவர் தன் தலைவலியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். "முன்தலையா, பின்தலையா?" என்று திருச்செல்வத்தின் வாய் தானாகக் கேட்டது.

உள்ளே டொக்டர் இன்ஷிரா இருந்தார். நடுவயதுப் பெண், மேசையில் ஆறிப்போன தேநீர். திருச்செல்வம் பழக்கதோஷத்தில் கதவருகிலேயே நின்று, "டொக்டர், சைனஸ். பல்லும் கொஞ்சம் இருக்கு" என்றார்.

"இரிங்க."

"இல்ல டொக்டர், ரெண்டு நிமிஷந்தான்..."

"கதிரையில இரிங்க. நோய்ட பேரை நான் பொறகு செல்றேன். நடக்கிறத நீங்க செல்லுங்க."

நடந்ததைச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. எங்கே தொடங்குவதென்று தெரியாமல் கொப்பியை நீட்டினார். டொக்டர் முதல் பக்கத்திலிருந்து படித்தார். *5.10 போனார். வலது கண் சிவப்பு, அந்தக் கண்ணில் மட்டும் தண்ணீர். மூக்கு ஒரு பக்கம். 5.20 உள்ளே நடக்கும் சத்தம். 5.30 முட்டும் சத்தம். கூப்பிட்டேன், பேசவில்லை. 6.05 வந்தார். சாதாரணம். தேத்தண்ணி கேட்டார்.* மறுநாள் 5.10, 6.00. அதற்கு மறுநாள் 5.10, 6.10. ஐந்து வருடத்தில் ஒரு வைத்தியர் அவருக்காகச் செலவழித்த ஆகக் கூடிய நேரம் அந்தக் கொப்பிக்குப் போனது.

"இத யார் எழுதின?"

"எங்க சென்டர்ல ஒரு பிள்ளை. என்னை வேலையை விட்டுத் தூக்குறதுக்காக எழுதினது, டொக்டர்."

"எங்கட ஸ்டூடன்ட்ஸ் இப்பிடி எழுதினா நான் கண்ண மூடிட்டு பாஸ் போடுவேன்." பிறகு கேள்விகள் வந்தன. எப்போதும் வலப்பக்கம்தானா? போன வருடம் எந்த மாதம்? அதற்கு முதல் வருடம்? நோவு வரும்போது படுப்பாரா, நடப்பாரா?

"படுக்கவே முடியாது டொக்டர். நடப்பேன். முட்டுவேன்."

"மத்தத் தலைவலிக்காரர் லைட்ட நூத்துட்டுப் படுப்பாங்க. நடக்கிறவங்க குறைவு." இதற்குக் கிளஸ்டர் தலைவலி என்று பெயர், வருடத்தில் ஒரு பருவத்தில் கொத்தாக வரும், மணிக்கூடு பார்த்து வருவதுதான் இதன் குணம் என்றார். வேறு கோளாறு இல்லையென்று பார்க்க ஒரு ஸ்கேன், இருதயத்துக்கு ஒரு ஈசீஜீ. அவை சரியென்றால் வராமல் தடுக்கத் தினமும் குளிசை. வந்த நோவை நிறுத்த, முகமூடி போட்டுக் கால் மணித்தியாலம் ஒக்சிஜன்.

"பல்லு?" என்றார் திருச்செல்வம்.

"பல்லுக்கு ஒண்டுமில்லாம ஈந்திருக்கும்."

திருச்செல்வம் நாக்கால் அந்த இரண்டு இடைவெளிகளையும் தடவிப் பார்த்தார். மற்றப் பதினொரு பேரின் இடைவெளிகளும் நினைவுக்கு வந்தன.

கடிதத்தை எழுதிக் கொடுத்துவிட்டு டொக்டர் இன்னொன்றும் சொன்னார். "ஏழு கிழமையில இது தானாவும் போகும். போனா, இன்ஷிரா டொக்டர் சுகப்படுத்தின எண்டு ஊரெல்லாம் செல்லித் திரியவேணாம். அடுத்த வருஷம் வந்தா, வந்த அண்டைக்கே வாங்க." தன்னைப் பற்றிப் பேச வேண்டாம் என்று சொன்ன டொக்டரைத் திருச்செல்வம் அதுவரை கண்டதில்லை. இவர்தான் சரியான ஆள் என்று அந்த இடத்தில் முடிவு செய்தார்.

ஹாஜியார் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "ஒக்சிஜனா? அது மௌத்தாகப் போறவங்களுக்குத்தானே குடுக்கிற?"

"நம்மகிட்ட ஒண்ணு இருக்கே, ஹாஜியார். ஸ்டோர் ரூம்ல. குடை தொங்குதே, அது."

"அது பாவிக்கிறத்துக்கு இல்ல. இன்ஸ்பெக்ஷனுக்கு."

உண்மைதான். அது இன்ஸ்பெக்ஷனுக்காக வாங்கப்பட்டது. இன்ஸ்பெக்ஷனுக்கு முதல் நாள் குடைகளை எடுத்துவிடுவார்கள். கம்பனிக்காரரைக் கூப்பிட்டுச் சோதித்தபோது சிலிண்டர் நிரம்பியிருந்தது. ஒருவருக்கும் கொடுக்காத பொருள் நிரம்பித்தானே இருக்கும். டொக்டர் எழுதிய வகை முகமூடி சென்டரின் பார்மசியில் கிடைத்தது. முதலாம் அறை நேர்ஸ் வந்து, எவ்வளவு திறக்கவேண்டும் என்று கடிதத்தைப் பார்த்துக் காட்டிக் கொடுத்தார். ஐந்து வருடம் நெற்றியை வைத்து அழுத இரும்பைத் திருச்செல்வம் அன்றுதான் திறந்தார்.

ஐந்து பத்துக்கு நோவு வந்தது. முகமூடியைப் போட்டுக்கொண்டு, கால் உடைந்த கதிரையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தார். வெளியே சுந்தரி கொப்பியோடு நின்றாள். ஹாஜியாரும் நின்றார், பின்கதவுப் பக்கம். சுந்தரி எழுதினாள்: *5.10 போனார். சத்தம் இல்லை. 5.26 வந்தார். தேத்தண்ணி கேட்டார்.*

ஹாஜியார் அந்த வரியை வாசித்தார். மேசைக்கு வேறு ஆள் வேண்டாம் என்று அவர் வாயால் சொல்லவில்லை. "அந்தப் பதினாறு நிமிஷத்த ஆறு மணிக்குப் பொறகு வெச்சுக்கொள்ள ஏலாதா, தம்பி?" என்று மட்டும் கேட்டார். குடைகளுக்காக அடுத்த நாள் சுவரில் ஓர் ஆணி அறையப்பட்டது.

ஸ்கேனிலும் ஈசீஜீயிலும் குறையில்லை. குளிசை தொடங்கிப் பத்து நாளில் கொப்பியில் இடைவெளிகள் விழத் தொடங்கின. திருச்செல்வம் டொக்டர் சொன்னபடி யாரிடமும் பேசவில்லை. ஆனால் சுந்தரியின் அக்கா தெல்தோட்டையில் இருக்கிறாள், தெல்தோட்டை பஸ்ஸும் கலஹா வழியாகத்தான் போகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ராஜலிங்கம் மாமா வாசலில் நின்றார்.

"மாப்புள, பல்லைப் புடுங்கியும் எனக்கு நோவு போகல. உனக்கு மட்டும் காத்து குடுக்குறாங்களாமே. எனக்கும் ரெண்டு இழுவை இழுக்க வழி பண்ணு. பல்லுக்குக் கூட்டிட்டுப் போனவன் நீதான்."

கலாராணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். எந்த அறை சொல்கிறார் பார்ப்போம் என்பதுபோல் நின்றாள்.

திருச்செல்வத்தின் வாய் திறந்தது. பிறகு மூடியது. உள்ளே போய் ஒரு நாற்பது பக்கக் கொப்பியைக் கொண்டுவந்தார்.

"எத்தனை மணிக்கு வருது, எத்தனை மணிக்குப் போகுது, எப்பிடி இருக்கீங்க, எல்லாம் ஒரு மாசம் எழுதுங்க மாமா. பொறகு நானே கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"எனக்கு எங்க எழுத வருது? உன் அத்தை பாலம்மாதான் எழுதணும். நோவு வந்தா, நடிக்கிறேன்னு சொல்லுவா அவ."

"அத்தை நம்பலையா?"

"நாப்பது வருசமா நம்பல."

"அப்ப அத்தையையே எழுதச் சொல்லுங்க" என்றார் திருச்செல்வம். "நம்புறவங்க எழுதினா கூட்டிக் கொறைச்சுத்தான் எழுதுவாங்க."